கையெழுத்து முந்தி, கேள்வி பிந்தி

முதுகலை முடித்த ஒருவர் பிஎச்.டி. செய்யப்போவதாகச் சொன்னால், புதுக்கோட்டையில் அவரிடம் முதலில் கேட்கப்படுவது "எதைப் பத்தி?" என்பதாக இருக்காது. "கைடு கிடைச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நெறியாளர், ஆய்வு வழிகாட்டி, மேற்பார்வையாளர் என்று ஏட்டில் எத்தனை பெயர் இருந்தாலும் பேச்சில் அவர் கைடு. அவரைத் தேடிக் கண்டடைவதற்குப் பெயர் கைடு பிடிப்பது. பஸ்ஸில் இடம் பிடிக்கிறோம், வாடகைக்கு வீடு பிடிக்கிறோம், காரியம் ஆவதற்கு ஆள் பிடிக்கிறோம். மூன்றிலும் கிடைப்பது குறைவு, கேட்பவர் அதிகம், முந்தியவர் பாடு லாபம். கல்வித் துறையின் உச்சப் பட்டத்துக்கான முதல் படிக்கும் நம் பேச்சுமொழி இதே வினையைத் தேர்ந்தெடுத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் நாட்டில் சுமார் 2.12 லட்சம் பேர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள். மாநிலங்களில் தமிழ்நாடே முதலிடம். இவ்வளவு பேர் கடந்து செல்லும் வாசல் எப்படி அமைந்திருக்கிறது என்று அதிகம் எழுதப்பட்டதில்லை. நம் பல்கலைக்கழகங்களின் குறைகளைப் பேசும்போது ஆய்வேட்டின் தரத்தைப் பேசுகிறோம், திருட்டு எழுத்தைப் பேசுகிறோம், வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வின் சடங்குத்தன்மையைப் பேசுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் முந்தைய இடத்தில், ஒரு கையெழுத்தில், பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது.

நடைமுறை இதுதான். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியும் மகளிர் கலைக்கல்லூரியும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. இத்தகைய இணைப்புக் கல்லூரிகளில் ஆய்வு செய்ய விரும்புகிறவர், தகுதித் தேர்வு ஒருபுறம் இருக்க, இடம் காலியாக உள்ள ஒரு நெறியாளரைத் தாமே கண்டுபிடித்து, அவரிடம் இசைவுக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் பெரும்பாலும் விண்ணப்பத்தையே தொடங்குகிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளைப் படித்தவருக்கு இது வியப்பாக இருக்கும். நெறியாளர் ஒதுக்கீட்டைத் துறைதான் முறைப்படி முடிவு செய்ய வேண்டும். ஆசிரியரிடம் உள்ள மாணவர் எண்ணிக்கை, ஆசிரியரின் புலமைத் துறை, நேர்காணலில் மாணவர் சொன்ன ஆர்வம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். தனி மாணவரிடமோ தனி ஆசிரியரிடமோ அதை விட்டுவிடக் கூடாது என்று அந்த விதிகள் வெளிப்படையாகவே சொல்லின. 2016 விதிகளும் முடிவைத் துறையிடமே வைத்தன. ஆனால் துறை என்று விதி கருதுவது ஒரே வளாகத்தில், ஒரே தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் குழுவை. பாரதிதாசனின் எல்லையிலோ தமிழ்த்துறை என்பது திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர், நாகப்பட்டினம் எனப் பல மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் கல்லூரி அறைகளின் கூட்டுத்தொகை. அவர்கள் ஒன்றுகூடி ஒரு மாணவரைப் பற்றி முடிவெடுக்கும் மேசை எங்கும் போடப்பட்டிருக்கவில்லை. மேசை இல்லாத இடத்தில் மாணவர் நடக்கிறார். விதிமீறல் என்று இதைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

இந்தப் பழக்கத்துக்கு நியாயமான பக்கமும் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்வதே முறை. துறைத்தலைவர் நினைத்தபடி மாணவர்களைப் பிரித்துக் கொடுத்தால் அங்கேயும் வேண்டியவர், வேண்டாதவர் கணக்கு வரும்; நல்ல மாணவர்கள் ஓரிருவரிடம் குவிய, மற்றவர்கள் எஞ்சியதை எடுத்துக்கொள்ள நேரும். தானே தேடிப்போன மாணவரும் தானே ஒப்புக்கொண்ட ஆசிரியரும் ஒருவருக்கொருவர் பொறுப்பாளிகள் ஆகிறார்கள். "எனக்கு இவரைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று இருவராலும் பின்னால் சொல்ல முடியாது. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்களுக்கு இது இன்னும் பொருந்துகிறது. அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ பணியாற்றும் ஒருவருக்குச் சனிக்கிழமை போய் உட்காரக்கூடிய தொலைவில், தம் வேலைநேரத்தைப் புரிந்துகொள்ளும் ஒருவர் வேண்டும். எந்த ஒதுக்கீட்டுக் குழுவும் இதை அவரை விட நன்றாகக் கணிக்காது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும்கூட விண்ணப்பத்துக்கு முன் நெறியாளருக்கு எழுதிக் கேட்பதுதான் வழக்கம். ஜெர்மானிய மொழியில் நெறியாளருக்குப் பெயரே முனைவர் பட்டத் தந்தை என்ற பொருளில் அமைந்திருக்கிறது. தந்தையைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். ஆகவே, மாணவர் தேடுவது தன்னளவில் குறை அன்று. தேடும்போது அவர் கையில் என்ன இருக்கிறது, எதை முன்வைத்துத் தேடுகிறார், தவறினால் திரும்பி வர வழி உண்டா என்பவற்றில்தான் நம் பழக்கம் இங்கிலாந்தின் பழக்கத்திலிருந்து பிரிகிறது. அங்கே மாணவர் ஆய்வுத் திட்டம் ஒன்றை எழுதி அனுப்பிவிட்டு, அதை நெறிப்படுத்த முடியுமா என்று கேட்கிறார். இங்கே "வேகன்சி இருக்கா சார்?" என்று கேட்கிறார்.

அப்படிக் கேட்பதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் வேகன்சி உண்மையிலேயே அரிய பொருள். மானியக் குழுவின் விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் நெறிப்படுத்தலாம். 2022 நவம்பரில் வந்த விதிகள் உதவிப் பேராசிரியருக்குக் குறைந்தது 3 ஆய்வுக் கட்டுரைகளும் மற்ற இருவருக்கும் 5 கட்டுரைகளும் இருக்க வேண்டும் என்கின்றன. கல்லூரித் துறை ஒன்றில் இரண்டு இணைப் பேராசிரியர், நான்கு உதவிப் பேராசிரியர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கும் தகுதி உண்டென்றும் கொள்வோம். மொத்தம் 28 இடம். ஒரு ஆய்வுக்கு ஐந்தாண்டு என்றால் ஆண்டுக்கு ஐந்தோ ஆறோ பேருக்குத்தான் புதிதாக இடம். இதிலும் இரண்டு ஓட்டைகள். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர் புது மாணவரை எடுக்கக் கூடாது. தமிழக அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு ஓய்வு 60இல் என்பதால், அனுபவம் முதிர்ந்த 57 வயதிலேயே அவருடைய கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. இரண்டாவது, நெறியாளராக நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். நம் அரசுக் கலைக்கல்லூரி வகுப்பறைகளில் பெரும்பங்கைச் சுமக்கும் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களில் முனைவர் பட்டமும் நல்ல வெளியீடுகளும் உள்ளவர்கள் பலர்; அவர்களால் ஒரு மாணவரைக்கூடப் பதிவுசெய்ய முடியாது. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது, பின் தேர்வு தள்ளிப்போனது. அத்தனை இடம் காலி என்பதன் இன்னொரு பொருள், அந்த 4,000 நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூடிய நெறியாளர்கள் எழவில்லை என்பது. பற்றாக்குறையை ஆசிரியர்கள் உண்டாக்கவில்லை. ஆனால் பற்றாக்குறை இருக்கும் இடத்தில் கொடுப்பவரின் கை தானாக உயர்கிறது, வாங்குபவரின் கை தானாகத் தாழ்கிறது.

இதற்கிடையே ஒரு பாலம் சத்தமில்லாமல் இடிக்கப்பட்டது. எம்.பில். படிப்பை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கைவிடச் சொன்னது. 2022 விதிகள் அதை முடித்துவைத்தன. எம்.பில். பற்றி நல்ல சொல் சொல்பவர் குறைவு. பட்டத்துக்குப் பட்டம் சேர்க்கும் வேலை என்றார்கள், அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனாலும் அதற்கு யாரும் எழுதிவைக்காத பயன் ஒன்று இருந்தது. ஓராண்டுக் காலம் ஒரு ஆசிரியரின் கீழ் சிறிய ஆய்வேடு ஒன்றை எழுதும் மாணவர், அவர் அத்தியாயத்தைப் படித்துத் திருத்துகிறவரா, மேசையில் போட்டு வைக்கிறவரா, மாற்றுக் கருத்தைப் பொறுப்பவரா என்று தெரிந்துகொண்டார். ஆசிரியரும் அந்த மாணவரால் மூன்று பக்கம் பிழையின்றி எழுத முடியுமா என்று அறிந்துகொண்டார். கல்யாணத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிப் பார்ப்பதைப் போல ஒரு சோதனைக்காலம் அது. இப்போது முதுகலை முடித்த கையோடு மூன்று முதல் ஆறு ஆண்டு வரையிலான உறவுக்கு, அரைமணி நேரப் பேச்சை வைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். எம்.பில்.லைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்பதற்கில்லை. அது செய்துவந்த இந்த ஒரு வேலையை வேறு எதுவாவது செய்ய வேண்டும் என்பதே பேச்சு.

கையெழுத்து முந்திக்கொள்வதன் விளைவு தலைப்பில்தான் முதலில் தெரிகிறது. கடிதம் வாங்கும் நாளிலேயே தலைப்பையும் எழுதியாக வேண்டும்; மாணவரிடம் கேள்வி இல்லாததால் தலைப்பு நெறியாளரின் அலமாரியிலிருந்து வருகிறது. இன்ன நாவலாசிரியர் படைப்புகளில் சமுதாயப் பார்வை, இன்ன கவிஞரின் பாடல்களில் பெண்ணியம், இன்ன வட்டத்தில் நுகர்வோர் மனநிலை. பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த மாணவருக்கும் ஆகும். புதுக்கோட்டையில் இதைப் பார்க்கும்போது கூடுதலாக உறுத்துகிறது. ஏனென்றால் கேட்கப்படாத கேள்விகள் இவ்வளவு நெருக்கமாகக் குவிந்திருக்கும் மாவட்டங்கள் குறைவு. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடத்தை 1929லேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும் சித்தன்னவாசலின் ஓவியங்களும் நகரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தொலைவு. பொற்பனைக்கோட்டையில் 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழ்ந்தன. திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம் நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. அதே ஊரில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தம் சொந்தப் பணத்தில் வளர்த்த ஞானாலயா நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள், அவற்றில் எத்தனையோ முதற்பதிப்புகள். கண்மாய்ப் பாசனம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர் வாழ்வு, 1990களின் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்ற பெண்கள் என்று சமூக அறிவியலுக்கும் பஞ்சமில்லை. இவற்றில் எதுவும் ஆராயப்படவே இல்லை என்று சொல்வது பொய்யாகும். நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. மாணவர் இவற்றின் முன் போய் நிற்பதற்கு முன்பே தலைப்பு பதிவாகிவிடும் வகையில் வரிசை அமைந்திருக்கிறது என்பதே குறை.

ஒரு ஒப்பீடு இங்கே உதவும். புதுக்கோட்டையைப் பற்றி உலகக் கல்வியுலகில் அதிகம் பேசப்பட்ட நூல் நிக்கோலஸ் டர்க்ஸ் எழுதி 1987இல் வந்த 'தி ஹாலோ கிரவுன்'. தொண்டைமான் அரசின் அதிகாரம், இனாம் நிலம், சாதி, கோயில் மரியாதை ஆகியவற்றை ஒரே சட்டகத்தில் வைத்து, காலனி ஆட்சிக்குப் பின் அந்த முடி உள்ளீடற்றுப் போனதைச் சொன்ன நூல். டர்க்ஸ் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கோனிடம் பயின்றவர். கோனின் களம் வட இந்தியா, பனாரஸ் வட்டாரம். புதுக்கோட்டையில் அவர் நிபுணர் அல்லர். அவரிடமிருந்து மாணவர் பெற்றது, வரலாற்று ஆவணத்தை மானுடவியல் கண்ணோடு படிக்கும் முறை. நம் வழக்கப்படி பார்த்தால் இந்த இணையே சேர்ந்திருக்காது. "அவர் ஏரியா வேற" என்று முதல் நாளிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். நெறியாளர் தலைப்பை அறிந்தவராக இருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். தலைப்பை மூன்றாவது ஆண்டில் மாணவர் நெறியாளரை விட அதிகமாக அறிந்திருப்பார், அறிந்திருக்க வேண்டும். நெறியாளரிடம் இருக்க வேண்டியது, சான்று எது, யூகம் எது என்று பிரிக்கக் கற்பிக்கும் பயிற்சி. சிகாகோவின் உதவித்தொகையும் நூலகமும் இருந்தால் யாரும் செய்யலாம் என்று ஒருவர் மறுக்கலாம். பணத்தைப் பொறுத்தவரை அந்த மறுப்பு சரி. ஒருவரை அவருடைய முறைக்காகத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் பணம் தேவைப்படுவதில்லை.

வெளிநாட்டு உதாரணம் வேண்டாம் என்பவருக்கு உ.வே. சாமிநாதையர் இருக்கிறார். நெறியாளரைத் தேடும் கதையில் தமிழில் அவருடைய கதைக்கு மிஞ்சியது இல்லை. நல்ல ஆசிரியர் வேண்டும் என்று தந்தை மகனை ஊர் ஊராக அழைத்துச் சென்றார். வழியில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைக் கொடுத்து, தம்மால் ஆகாததை ஒப்புக்கொண்டு அடுத்தவரைக் காட்டினார்கள். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு 16 வயது. பிள்ளை மறைந்த 1876 வரை உடனிருந்தார். குரு பக்தியின் உச்சமாக இந்த உறவைச் சொல்லி, ஆய்வு மாணவருக்கு அடக்கத்தைப் போதிப்பவர்கள் கதையின் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். சாமிநாதையரைப் பதிப்பாசிரியராக்கிய கேள்வி குருவிடமிருந்து வரவில்லை. 1880இல் கும்பகோணத்தில், படித்த நூல்களின் பட்டியலை அவர் அடுக்கியபோது, சேலம் இராமசுவாமி முதலியார் அவற்றில் திருப்தி அடையாமல் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியால் அதில் இறங்கிய சாமிநாதையர், பொருள் விளங்காத இடங்களைச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் வெளிவந்தது. பயிற்சி ஒருவரிடம், கேள்வி இன்னொருவரிடம், விளக்கம் வேறு சமயத்தாரிடம். மூன்றும் ஒரே கையெழுத்தில் கிடைத்துவிட வேண்டும் என்று நம் இசைவுக் கடிதம் எதிர்பார்க்கிறது. அந்தத் தேடல் பல வாசல்களில் நின்று, கேட்டு, கற்று நகர்ந்த தேடல் என்பதையும் கவனிக்க வேண்டும். முதல் வாசலிலேயே ஆறாண்டுக்குக் கையெழுத்து வாங்கியிருந்தால் அவர் மாயூரம் போயிருக்க மாட்டார்.

இனி கசப்பான பகுதி. கேட்டு வாங்கிய இடம் கடனாகிறது. அந்தக் கடன் நல்ல ஆசிரியரிடம் அன்பாகவே தங்கிவிடும், அல்லாதவரிடம் வசூலாகும். 2024 அக்டோபரில் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா மேடையிலேயே, பட்டம் பெற்ற ஆய்வு மாணவர் ஒருவர் ஆளுநரிடம் மனு கொடுத்தார். நெறியாளர்கள் சிலர் ஆய்வு மாணவர்களை வீட்டு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள், வாய்மொழித் தேர்வின்போது பணமும் பொருளும் எதிர்பார்க்கிறார்கள் என்பது அதிலிருந்த புகார். புகார் என்பதற்கு மேல் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. எனினும் ஒருவர் பட்டம் கைக்கு வந்தபின்தான், அதுவும் மேடையில் ஏறித்தான் அதைச் சொல்ல முடிந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அதற்கு முன் அவர் யாரிடம் சொல்லியிருக்கலாம்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தைக் கேட்கும் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்கிறது, மாணவர்கள் டி.சி. மீட்டிங் என்று சொல்வது அதைத்தான். அந்தக் குழுவின் கூட்டுநர் நெறியாளரே. ஆய்வேட்டை மதிப்பிடுபவர்களிலும் அவர் ஒருவர். பெண்களுக்கு இது இன்னும் கூர்மையானது. மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள், பாலியல் புகார் விசாரணையில் இருக்கும்போது புகாருக்கு உள்ளானவர் அந்த மாணவியின் பணியை மதிப்பிடுவதை நிறுத்திவைக்க இடம் கொடுக்கின்றன. திருமணத்தால் இடம்பெயரும் மாணவி ஆய்வை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள 2022 விதிகள் வழிசெய்கின்றன. கல்யாணம் ஆனால் மாறலாம், பாலியல் புகார் விசாரணையில் இருந்தால் அவர் மதிப்பிடுவதைத் தடுக்கலாம். ஒத்துப்போகவில்லை, படிக்காமல் வைத்திருக்கிறார் என்ற சாதாரணக் காரணத்துக்கு மாற, பழைய நெறியாளரின் தடையின்மைக் கடிதத்துக்காக அவர் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்களை இப்படி அலசுவது நம் மரபுக்கு ஒவ்வாது என்பார் உண்டு. நன்னூலைத் திறந்து பார்க்கட்டும். எழுத்தையும் சொல்லையும் பேசுவதற்கு முன், பொதுப்பாயிரத்திலேயே நல்லாசிரியர் யார், ஆசிரியராகத் தகாதவர் யார் என்று பவணந்தி முனிவர் பிரித்துவிட்டார். தகாதவருக்கு நான்கு உவமை: கழற்காய் நிறைத்த குடம், மடல் நிறைந்த பனை, பருத்தி அடைத்த குண்டிகை, வளைந்த தென்னை. குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் போட்ட வரிசையில் வராது, தாறுமாறாகக் கொட்டும். எல்லாம் தெரிந்தும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாத நெறியாளர் அவர். மடல் பனையில் ஏற முடியாது, அதுவாக விழுவதைப் பொறுக்கிக்கொள்ளலாம், டி.சி. மீட்டிங் அன்று மட்டும் வாய் திறப்பவர். பருத்தியைக் குடுக்கையில் திணிப்பதும் கடினம், எடுப்பதும் கடினம். புதிதாக ஒன்றையும் படிக்காமல், இருப்பதையும் துளித்துளியாகத் தருபவர். நான்காவதுதான் நம் காலத்துக்கு எழுதியது போல் இருக்கிறது: ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்க்க, வளைந்து போய் அடுத்த வீட்டில் காய் தரும் தென்னை. மாணவர் தரவு சேகரிக்க, கட்டுரையில் முதற்பெயர் வேறொருவருக்குப் போவதை வேறு எப்படிச் சொல்வது? மாணவர்களே மனப்பாடம் செய்யும் நூலில் இந்தப் பட்டியலை வைத்ததால் ஆசிரியர்களின் மதிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. நியாயமாகச் சொன்னால், அதே பாயிரம் பாடம் சொல்லத் தகாத மாணவரையும் பட்டியலிடுகிறது. வேலை உயர்வுக்குப் பட்டம் வேண்டும், எழுதித் தர ஆள் உண்டா என்று வருகிறவரைத் திருப்பி அனுப்பும் உரிமை நெறியாளருக்கு இருந்தே ஆக வேண்டும்.

நெறியாளரைப் பற்றித் தெரிந்துகொள்ள மாணவருக்கு இப்போதுள்ள வழி, டீக்கடைப் பேச்சும் சீனியர் சொல்லும்தான். "நல்ல மனுஷன், தொந்தரவு பண்ண மாட்டார்" என்பது உயர்ந்த சான்றிதழ். அவர் ஒன்றுமே செய்ய மாட்டார் என்பதும் அதற்குள் அடக்கம். இந்தப் பேச்சுவழித் தகவல் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவருக்கு அது வந்து சேர்வதற்குள் இடம் நிரம்பிவிடும், "நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?" என்ற கேள்வி சாதியின் வாசனையோடு நுழைவதும் இந்த இடைவெளியில்தான். உண்மையில் திறந்த தகவல் இருக்கவே செய்கிறது. இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் பல்கலைக்கழகங்கள் ஏற்றிய ஆய்வேடுகளை நெறியாளர் பெயரைக் கொண்டே தேடலாம். பலவற்றில் பதிவான நாளும் முடிந்த நாளும் உண்டு. ஒரே நெறியாளரின் நான்கு ஆய்வேடுகளை எடுத்து ஒரு மாலைநேரம் புரட்டினால் போதும்: முன்னுரைகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா, துணைநூற்பட்டியல் அப்படியே பெயர்க்கப்பட்டிருக்கிறதா, இயல் பகுப்பு மாறுகிறதா என்று தெரிந்துவிடும். ஒரே துறையில் பலரை நெறிப்படுத்துவது ஒரு ஆய்வுப் பள்ளி உருவாவதன் அடையாளம் அல்லவா என்று கேட்கலாம். ஆம், ஆனால் பள்ளிக்கும் அச்சுவார்ப்புக்கும் வேறுபாடு சுலபமாகத் தெரியும். பள்ளியில் மூன்றாவது மாணவர் முதல் மாணவரின் முடிவை மறுத்திருப்பார்.

மாற்றம் பெரிதாக வேண்டியதில்லை. விதிகளே குறைந்தது 12 கிரெடிட் பாடநெறியைக் கட்டாயம் ஆக்கியிருக்கின்றன. நெறியாளரைப் பெற்றபின் ஒரு சடங்காகக் கழிக்கப்படும் அந்தப் பாடநெறியை, நெறியாளரைப் பெறுவதற்கு முந்தைய காலமாக மாற்றினால் போதும். மாணவரைப் பல்கலைக்கழகம் முதலில் ஆய்வு மையத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். ஆறு மாதம் அவர் பல ஆசிரியர்களிடம் படிக்கட்டும், களத்தையும் நூலகத்தையும் பார்க்கட்டும், இரண்டு பக்கத்தில் தன் கேள்வியை எழுதட்டும். அதன்பின் மூன்று பெயரை அவர் சொல்ல, ஆசிரியர்கள் அந்த இரண்டு பக்கத்தைப் படித்து இசைவு சொல்லட்டும். இருவரின் விருப்பமும் காக்கப்படுகிறது. மாறுவது வரிசை மட்டும். முதலாண்டுக்குள் ஒருமுறை, காரணம் சொல்லாமல், தடையின்மைக் கடிதம் இல்லாமல் மாறிக்கொள்ளும் உரிமையும் வேண்டும். ஆலோசனைக் குழுவைக் கூட்டும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுப்பது ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியம்.

இதற்கு வரக்கூடிய கனமான மறுப்பு, சிறிய கல்லூரியில் தகுதியுள்ள நெறியாளர் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், மூன்று பெயருக்கு எங்கே போவது என்பது. புதுக்கோட்டையின் இருப்பிடம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. பாரதிதாசனின் பல்கலைப்பேரூர் வளாகம் திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. தஞ்சையில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம். காரைக்குடியில் 1985 முதல் அழகப்பா. மூன்றும் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும். வேறு நிறுவனத்தவரை இணை நெறியாளராக வைத்துக்கொள்ள விதியில் இடம் இருந்தும், பல்கலைக்கழக எல்லை என்ற கோட்டை யாரும் தாண்டுவதில்லை. கல்வெட்டு ஆராய விரும்பும் மன்னர் கல்லூரி மாணவருக்கு முறையைக் கற்பிக்க ஊரில் ஒருவரும், எழுத்தைப் படிக்கக் கற்பிக்கத் தஞ்சையில் ஒருவரும் ஏன் இருக்கக் கூடாது? மற்றொரு மறுப்பு, நெறியாளர் பெயர் இல்லாமல் ஆறு மாதம் மாணவர் அனாதையாக அலைவார், உதவித்தொகையும் தொடங்காது என்பது. மாதம் 37,000 ரூபாய் பெறும் ஜே.ஆர்.எஃப். மாணவரைப் பொறுத்து இதில் உண்மை உண்டு. சேர்க்கை நாளிலிருந்தே தொகை தொடங்கும்படி மையத்தின் தலைவர் கையெழுத்திட்டால் அது தீரும். மற்றவர்கள் இப்போதும் உதவித்தொகை இல்லாமல்தான் அலைகிறார்கள், கையெழுத்தோடு.

விண்ணப்பத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன: நெறியாளர் பெயர், ஆய்வுத் தலைப்பு. இன்று இரண்டும் ஒரே நாளில், பெரும்பாலும் ஒரே கையால் நிரப்பப்படுகின்றன. இரண்டையும் ஆறு மாதம் வெறுமையாக விட்டு வைத்தால், கறம்பக்குடியிலிருந்து வரும் ஒரு மாணவி அதற்குள் திருக்கோகர்ணத்துக்கு நான்கு முறையாவது போய், 1929இன் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டி, தன் ஊர்க் கண்மாயின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.